கோல் அடிக்காத நேரத்தில் என்ன செய்கிறான்?

ரொறொன்ரோப் பக்கத்து ஐஸ் ஹொக்கி அரங்கு எதிலும் பெற்றோருக்கு நடுவே அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இளம் ஆட்டக்காரர்களைத் தேடி வரும் ஸ்கவுட்டுகள் எதைப் பார்க்கிறார்கள் என்று ஆளுக்கொரு சாத்திரம் சொல்வார்கள். அந்த வாங்குகளில் இப்போது நம்மவர்களும் உண்டு என்பதால், காதில் விழுகிற சிலவற்றை உரைத்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: கோல் அதிகம் அடிப்பவனைத்தான் எடுப்பார்கள்.

கோல் கணக்கை ஸ்கவுட் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கணக்காகக் கார் ஓட்டி வந்து, குளிரில் மேல் மூலையில் தனியாகக் குந்தியிருப்பது கணக்கில் ஏறாததைப் பார்க்கத்தான். பதினைந்து வயதில் கோல் பல வழியால் சேரும். பக்கத்தில் ஆடுபவன் கெட்டிக்காரன் என்றால் சேரும். எதிரணியில் ஓராள் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போதெல்லாம் இவனையே இறக்கினால் சேரும். மற்றப் பிள்ளைகளுக்கு முந்தி வளர்ந்துவிட்டாலும் சேரும். ஸ்கவுட்டுக்கு இன்றைய பையனால் ஆவதொன்றுமில்லை. அவர் ஊகிக்க வேண்டியது இவனே இருபத்திரண்டு வயதில் எப்படி ஆடுவான் என்பதை.

மூலையில் கிடக்கும் பக்கை, அதாவது ஆடும் வட்டத் தட்டை, எடுக்கப் போகும் தடுப்பாட்டக்காரன் ஒருவனைக் கவனியுங்கள். போகிற வழியிலேயே தோளுக்கு மேலால் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறானா? ஒன்று, துரத்தி வருபவன் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று பார்க்க. மற்றது, தன்னுடைய ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்க. பார்த்தவன் பக் மட்டையில் பட்ட கையோடு அதை அனுப்பிவிடுவான். பார்க்காதவன் பக் கைக்கு வந்த பிறகுதான் யோசிக்கவே தொடங்குவான். அதற்குள் எதிராளி அவனைச் சுவரோடு சேர்த்து அமுக்கிவிடுவான். இதற்கெல்லாம் யாரும் கைதட்டுவதில்லை. ஸ்கவுட் பேனாவை எடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பக்கைப் பறிகொடுத்ததும் என்ன செய்கிறான் என்பதும் அப்படியே. உடனே திரும்பி விரட்டுகிறானா, கைகளை விரித்து நடுவரைப் பார்க்கிறானா? மூச்சு வாங்கத் தொடங்கியதும் இறங்கி அடுத்தவனுக்கு இடம் விடுகிறானா, கோல் ஆசையில் மைதானத்திலேயே தொங்குகிறானா? கூட்டாளி பிழை விட்டால் வாங்கில் இவன் முகம் எப்படிப் போகிறது? எந்தப் புள்ளிவிவரத்திலும் இது வராது. சறுக்கும் திறனையும் அவர்கள் பெற்றோர் நினைக்கிற மாதிரி அளப்பதில்லை. நேர்கோட்டு வேகத்தை எல்லாருமே பார்ப்பார்கள். முதல் மூன்று எட்டு எவ்வளவு விரைவாக விழுகிறது, வேகம் குறையாமல் வளைகிறானா என்பவைதான் அவர்களுக்கு வேண்டும்.

நம்பிக்கை: ஆள் கட்டையென்றால் கைவிட வேண்டியதுதான்.

உயரத்துக்கு இன்னமும் மவுசு உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. ஆறடி நாலங்குலப் பையனை இன்னொரு தடவை வந்து பார்ப்பார்கள்; ஐந்தடி எட்டங்குலப் பையன் அந்த இரண்டாவது பார்வையைச் சம்பாதிக்க வேண்டும். ஆனால் மார்ட்டின் சென் லூயி அந்த உயரந்தான். தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தெரிவுசெய்யும் டிராஃப்டில் ஓர் அணிகூட அவரை எடுக்கவில்லை. பிறகு 2004இலும் 2013இலும் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். 2005க்குப் பிறகு மட்டையால் கொளுவி இழுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கியதும் சிறிய, விரைவான ஆட்டக்காரர்களுக்கு வழி அகலமானது. 2014இல் 79ஆவதாக எடுக்கப்பட்ட பிரேடன் பொயின்ட் அதற்கு நல்ல சாட்சி.

நம்பிக்கை: உடற்தகுதிச் சோதனையில் கோட்டைவிட்டால் கதை முடிந்தது.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் இந்தச் சோதனையில் 2014இல் சாம் பெனட்டால் கம்பியில் தொங்கி ஒரு தடவைகூட உடம்பை மேலே இழுக்க முடியவில்லை. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கல்கரி அணி அவரை நாலாவதாக எடுத்தது. 2025இல் புளோரிடா அணி என்.எச்.எல். வாகைக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஓஃப் சுற்றுகள் முழுவதிலும் சிறந்தவருக்கான விருது அவருக்குத்தான்.

நம்பிக்கை: ஸ்கவுட் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நிறையவே தப்பும். கனடாவில் வயதுப் பிரிவுக்கு எல்லை ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. எட்டு வயதில் அந்தப் பதினொரு மாதம் பெரிய இடைவெளி. மூத்தவன் நல்ல அணிக்குப் போகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான், வித்தியாசம் வளர்ந்துகொண்டே போகிறது. 1980 முதல் 2007 வரை என்.எச்.எல். எடுத்த கனடியர்களை ஆராய்ந்து 2013இல் வந்த ஆய்வில், ஜனவரி–மார்ச்சில் பிறந்தவர்கள் 36 சதவீதம். ஒக்டோபர்–டிசம்பரில் பிறந்தவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. அதைவிடச் சுவையான சங்கதி, ஆண்டின் பிற்பாதியில் பிறந்து எடுபட்டவர்கள் தங்களை எடுத்த இடத்தைவிட நன்றாக ஆடியிருக்கிறார்கள். அனுபவமுள்ள ஸ்கவுட்டுகளே மாதத்தைத் திறமையாக எண்ணி ஏமாந்திருக்கிறார்கள் என்றுதானே இதற்குப் பொருள்? மாதத்தோடு சம்பந்தமில்லாத தவறுகளும் உண்டு; பின்னாளில் நட்சத்திரங்களானவர்களையும் டிராஃப்டில் பிந்தித்தான் எடுத்தார்கள். பவெல் டட்சியுக் 1998இல் 171ஆவது. ஜோ பவெல்ஸ்கி 2003இல் 205ஆவது. சறுக்குவது போதாது என்று சொல்லப்பட்ட பவெல்ஸ்கி என்.எச்.எல்லில் 1,300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

நம்பிக்கை: ஓ.எச்.எல். போனால் அமெரிக்கப் பல்கலைக்கழக வாசல் அடைபடும்.

படிப்பென்றால் உயிரை விடும் நம் வீடுகளில் இந்தப் பயம் கூடுதலாகவே இருக்கும். நெடுங்காலம் உண்மையாகவும் இருந்தது: ஒன்ராறியோவின் ஓ.எச்.எல். உள்ளிட்ட கனடிய மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே கருதி ஒதுக்கியது. அந்தத் தடை 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி 2025 ஓகஸ்ட் 1 முதல் நீங்கிவிட்டது. மேஜர் ஜூனியர் அணியான மெடிசின் ஹற்றுக்கு ஆடிய கவின் மெக்கென்னா அதே ஆண்டில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆனால் என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு இந்த வாசல் திறக்கவில்லை. கனடாவிலேயே படிப்பதானால் ஓ.எச்.எல். அணிகள் கல்விச் செலவையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதுண்டு. அழைப்பு வந்தால் அந்தப் பக்கத்தை முதலில் வாசியுங்கள், எத்தனை ஆண்டுக்கு, எந்த நிபந்தனையோடு என்று.