பழுதுபார்த்தபின் சூடேறும் டீசல் என்ஜின்

நீலகிரி ஜில்லாவில் உருளைக்கிழங்கு ஆண்டில் மூன்று போகங்களாகப் பயிரிடப்படுகிறது. அவற்றுள் தை, மாசி மாதங்களில் நடப்படும் போகம் நீர்ப்பாய்ச்சலையே நம்பியது. பள்ளத்தாக்கின் ஓடைகளிலிருந்து மேட்டுப் பாத்திகளுக்கு நீரேற்றக் குடியானவர்கள் டீசல் என்ஜின் பம்புகளைக் கையாளுகின்றனர். கிழங்கு பிடிக்கும் தருணத்தில் பம்பு நின்றுவிட்டால் விளைச்சல் குன்றும். ஆதலின், கழற்றிப் பூட்டிய என்ஜின் மறுநாளே அளவு மீறிச் சூடேறுமாயின், அதன் காரணத்தை முறையாக ஆராய்தல் அவசியம்.

முதலில் செய்யத்தக்கது: சூடேறிய என்ஜினின் பாரத்தைக் குறைத்து, சில நிமிஷங்கள் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்துக. குளிர்ந்த ஓடை நீரை அதன்மேல் ஊற்றலாகாது; ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

நேற்றுவரை செவ்வையாக ஓடிய என்ஜின் பழுதுபார்த்தபின் சூடேறினால், குற்றம் பெரும்பாலும் கைபட்ட இடத்திலேயே இருக்கும். ஆகவே எவ்வெவ்வுறுப்புக்கள் கழற்றப்பட்டனவோ அவற்றை முதலில் சோதித்தல் நலம்.

1. நீரோட்டம்: இவ்வகை என்ஜின்கள் பலவற்றில், பம்பு ஏற்றும் நீரில் ஒரு பகுதி சிறு ரப்பர் குழாய் வழியாகச் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீரறையின் அடியில் புகுந்து, ஹெட்டின் மேற்புறம் வெளியேறும். வெளியேறும் நீர் மெலிந்திருப்பின், புட்வால்வின் சல்லடையில் பாசியும் இலையும் அடைத்துள்ளனவா, ரப்பர் குழாய் மடிந்துள்ளதா, துடைத்த துணி குழாயினுள் தங்கிவிட்டதா என்று பார்க்க. உறைபனிக் காலத்தில் இரவில் நீரறையை வடித்துவிடுவது நல்ல வழக்கமே. ஆனால் வடிகுழாயைக் காலையில் மூட மறந்தால் நீர் மேலேறாது. ஏரி நீரால் குளிரூட்டப்படும் படகு என்ஜின்களிலும் சல்லடையையே முதலில் பார்த்தல் வேண்டும்.

2. காற்றடைப்பு: வடித்து நிரப்பிய நீரறையின் உச்சியில் காற்று தங்கினால், அவ்விடத்தில் நீர் படாது. நீர் புகும் குழாயையும் வெளியேறும் குழாயையும் இடம்மாற்றிப் பூட்டினாலும் இக்குற்றம் நேரும். உறிஞ்சு குழாயின் மூட்டு தளர்ந்திருந்தால் அதன் வழியே காற்று இடையறாது உட்புகும். உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கால்பங்கு குறைவாதலால், பம்பின் உறிஞ்சும் ஆழமும் குறையும். ஆகையால் பம்பை ஓடை மட்டத்திற்கு அருகில் அமைத்தல் வேண்டும். நீரும் அங்குச் சுமார் 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

3. காஸ்கெட்: ஹெட்டைக் கழற்றியிருந்தால், காஸ்கெட்டின் நீர்த்துளைகள் சிலிண்டரின் துளைகளுக்கு நேரே அமைந்துள்ளனவா என்று நோக்குக. நீரோடு குமிழிகள் இடைவிடாது வருமாயின், முதலில் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகவில்லை என்று தெளிக. அது செவ்வையாயிருந்தும் குமிழிகள் நில்லாவிடின், எரிந்த வாயு நீரறையில் கசிகிறதென்று கொள்ளலாம். போல்ட்டுகளை ஒரு புறமாக இறுக்காமல், எதிரெதிராகச் சிறுகச் சிறுக முடுக்குதல் வேண்டும்.

4. எரிதல்: நீர் தாராளமாக வந்தும் சூடு தணியாவிடின், எண்ணெய் பாயும் காலம் பிந்தியுள்ளதா என்று மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க. கரும்புகை வந்தால் காற்றுவடிகட்டியைச் சுத்தம் செய்க. மலையில் காற்று மெல்லியதாதலால், சமவெளியில் சுமந்த பாரத்தை அதே என்ஜின் இங்கே சுமக்காது.

5. உராய்வு: புதிய பிஸ்டன் வளையமோ பேரிங்கோ இட்ட என்ஜினைத் தொடக்கத்தில் முழுப் பாரத்தில் ஓட்டலாகாது. மசகெண்ணெயின் அளவையும் தரத்தையும் பார்த்துக்கொள்க.

சூட்டிற்கு அஞ்சி நீரை மிகுதியாகத் திறந்துவிடுவதும் பிழையே. மிகக் குளிர்ந்த என்ஜினில் டீசல் முற்றிலும் எரியாது. எண்ணெய்ச் செலவு கூடும். வெளியேறும் நீர் 60 முதல் 70 டிகிரி வரை சூடாயிருத்தல் தகும். அதைக் கையிட்டுப் பாராமல் வெப்பமானியால் அறிக.

பழுதுபார்க்கும்போது கழற்றிய உறுப்புக்களை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும் குடியானவர், மறுநாள் குற்றத்தைத் தேடி அலைய நேராது. அவரது பாத்தியும் காயாது.