தொற்றுக் காலம்: குடும்பத்தோடு பேசி வையுங்கள்

2020 மே மாதம் சென்னையிலேயே கொரோனா அதிகம் பாதித்த மண்டலம் ராயபுரம். ஒண்டுக்குடித்தனம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை என்று வாழும் தெருக்களில் தனித்திருப்பது எளிதல்ல. அதனால் சிலவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

● காய்ச்சல் வந்தவருக்கு எந்த மூலை? ஜன்னலோரம் நல்லது. தட்டு, டம்ளர், துண்டு தனி. கவனிக்க ஒருவர் போதும். இருவருமே முகக்கவசம் அணியட்டும்.

● காசிமேட்டு மீன் ஏலமோ, துறைமுக ஷிப்டோ முடிந்து வருபவர் வாசலிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும்.

● குழாயடியில் கூட்டம் சேராமல், எந்த வீடு எப்போது என்று முறை வையுங்கள்.

● தாத்தா பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், மருந்துச் சீட்டு, ஆதார் நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

● மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ கஷாயத்தோடு காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 108, ஆலோசனைக்கு 104.

● வாட்ஸ்அப் வைத்தியத்தை நம்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீடு தேடி வரும் களப்பணியாளரிடம் காய்ச்சலை மறைக்காதீர்கள். மறைத்தால் பாதிப்பு உங்கள் வீட்டோடு நிற்காது.