காறிப்போன எண்ணெய் கற்றுத் தந்தது

அம்மாவுக்கு ஆளி விதை எண்ணெய் கேப்ஸ்யூல் பெரிய டப்பாவாக வாங்கி வந்தேன். விலை சல்லிசு. ஒரு மாதம் போயிருக்கும். "ஏப்பம் விட்டா பெயிண்ட் வாடை அடிக்குதுடா" என்றார்.

ஒன்றை ஊசியால் குத்தி வெள்ளைச் சாசரில் பிழிந்தேன். நிறமெல்லாம் பொன்போலத்தான் இருந்தது. முகர்ந்தால் வார்னிஷ் அடித்த கதவு வாடை. நாக்கில் வைத்தால் கசப்பு, தொண்டையில் காறல்.

கலப்படமோ என்று பதறினேன். சுத்தமான எண்ணெயும் கெடும் என்பது பிறகுதான் புரிந்தது. ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஏ.எல்.ஏ. என்ற ஒமேகா-3. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வேகமாகச் சேரும். மரச்சாமான் மேல் இதே எண்ணெய் காய்ந்து படலமாவதும் அதனால்தான். திருமலைராயன்பட்டினத்து வெக்கையில் டப்பாவை ஜன்னலோரம் வைத்தது என் தவறு.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை:

மூக்கை நம்புங்கள். வாங்கிய அன்றே ஒன்றைக் குத்திப் பாருங்கள். எலுமிச்சை மணம் சேர்த்திருந்தால் காறல் வாடை மறைந்துவிடும். நாக்கிலும் வைத்துப் பாருங்கள்.

உறைந்தால்தான் சுத்தம் என்ற ஃபிரிட்ஜ் சோதனையை நம்பாதீர்கள். தேங்காய் எண்ணெய் உறையும். பாமாயில் கலந்தாலும் உறையும். ஆளி விதை எண்ணெய் சுத்தமாக இருந்தாலும் உறையாது.

லேபிளைப் படியுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்ற சொல், மருந்தல்ல என்ற அறிவிப்பு மூன்றும் இருக்க வேண்டும். 1000 மி.கி. எண்ணெய் என்றால் ஏ.எல்.ஏ. ஏறத்தாழ 500 மி.கி.தான்.

பேட்ச் அறிக்கை கேளுங்கள். அதில் எண்ணெய் காறிய அளவைக் காட்டும் பெராக்சைடு மதிப்பைப் பாருங்கள். கோடெக்ஸ் சர்வதேசத் தரத்தில் குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்க்கு உச்சவரம்பு 15. மிகப் பழைய எண்ணெயில் இந்த எண் திரும்ப இறங்கிவிடும். அதனால் முற்றிய கெடுதலைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் சேர்த்தே கேளுங்கள்.

சட்டம் துணை நிற்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவுப்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் சின்ன டப்பாதான். திறந்த தேதியை மூடியில் எழுதி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். முதல் கேப்ஸ்யூலைக் குத்தி முகர்வது அம்மா. அவர் முகம் சுளித்தால், எத்தனை ரூபாய் டப்பாவானாலும் அன்றே கடைக்குத் திரும்பிவிடும்.