துரையைக் கொன்றது யார்? வீட்டு விருந்தில் ஒரு தடயவியல் பாடம்

பள்ளி விடுமுறையில் நண்பர்களை வீட்டுக்கு அழைத்தால் என்ன செய்வீர்கள்? சாப்பிடுவீர்கள், ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள். இந்த முறை கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிட்டு, ஒரு கொலையைத் துப்புத் துலக்குங்கள்! பயம் வேண்டாம். செத்தவர் பத்து நிமிடம் மேசையில் தலை சாய்த்துக் கிடந்துவிட்டு, எழுந்து எல்லாருக்கும் ரசம் ஊற்றுவார்.

இதற்குக் 'கொலை மர்ம விருந்து' என்று பெயர். விருந்தினர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரம் ஏற்பார்கள். கிடைக்கும் துப்புகளை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார்கள். இங்கிலாந்தில் ஆந்தனி பிராட் உருவாக்கி 1949-இல் விற்பனைக்கு வந்த 'குளூடோ' பலகை விளையாட்டும் இதே வகைதான். ஆனால் நாம் அட்டைகளை நம்பப் போவதில்லை. ஆய்வுக்கூடத்தில் படித்ததைச் சமையலறையில் பயன்படுத்தப் போகிறோம்.

கதை

பாலோவைச் சுற்றியுள்ளவர்களுக்குத் தோட்டத்துக் கதை சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே நம் கதையும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து பங்களாவில் நடக்கிறது. துரை தேநீர் குடித்த இடத்திலேயே சாய்ந்து கிடக்கிறார். தட்டின் அடியில் ஒரு மிரட்டல் கடிதம். குவளையின் அடியில் வெள்ளைப் பொடி. குவளையின் மேல் ஒரு விரல்ரேகை. சந்தேகத்துக்கு உரியவர்கள் நால்வர்: கிராணி, மண்டோர், கடைக்காரர், சமையல்கார அம்மா. மற்றவர்கள் துப்பறிவாளர்கள்.

விருந்தை நடத்துபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை கொடுக்க வேண்டும். அதில் அவருடைய பாத்திரம், ஒரு கறுப்புப் பேனா, ஒரு சிறு பொட்டலம் இருக்கும். கிராணிக்கும் கடைக்காரருக்கும் ஒரே நிறுவனத்தின் பேனா. மற்ற இருவருக்கும் வேறு நிறுவனத்தின் பேனா. கிராணியிடம் சோள மாவு, மண்டோரிடம் உப்பு, கடைக்காரரிடமும் சமையல்கார அம்மாவிடமும் அப்பச் சோடா. கதையில் இந்தச் சோடாதான் 'விஷம்'.

முதல் சோதனை: கடிதத்தின் மை

கடிதத்தைக் காப்பி வடிதாளில் எழுதி, கடைசியில் ஒரு தடித்த கோடு போட்டு வையுங்கள். நீரில் கரையும் மையுள்ள பேனா தேவை. பந்துமுனைப் பேனா உதவாது. கோடு உள்ள பகுதியைப் பட்டையாக வெட்டி, பட்டையின் நுனி மட்டும் நீரில் படும்படி தொங்கவிடுங்கள். கோடு நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நால்வரின் பேனாக்களாலும் இதேபோல் பட்டைகள் தயாரியுங்கள்.

தாளின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக நீர் மேலே ஏறும். கறுப்பு மை பெரும்பாலும் பல நிறமிகளின் கலவை. நீரில் நன்றாகக் கரைந்து, தாளோடு குறைவாக ஒட்டும் நிறமி உயரமாக ஏறும். தாளைப் பிடித்துக்கொள்ளும் நிறமி பின்தங்கும். நீர் 8 செ.மீ., நீல நிறம் 6 செ.மீ. ஏறியிருந்தால் 6 ÷ 8 = 0.75. இந்த விகிதத்தை ஒவ்வொரு நிறத்துக்கும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். இதுதான் தாள் நிறப்பிரிகை.

முடிவு: கடிதத்தின் மை கிராணி, கடைக்காரர் இருவரின் பேனாவோடும் பொருந்தும். இருவரில் யார் என்று மை சொல்லாது. இப்படி ஒரு கூட்டத்தை மட்டும் சுட்டுவது வகைச் சான்று.

இரண்டாம் சோதனை: வெள்ளைப் பொடி

குவளைப் பொடியைச் சிறு சிறு பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசல் ஒரு துளி விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும். மற்றொன்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். அப்பச் சோடா என்றால் அமிலத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட்டு நுரைக்கும். உப்பு இரண்டுக்கும் அசையாது. நான்கு பொட்டலங்களையும் இதேபோல் சோதியுங்கள்; அப்போதுதான் ஒப்பிட முடியும்.

முடிவு: பொடி நுரைக்கிறது, கருநீலமாகவில்லை. அப்படியானால் கடைக்காரரோ சமையல்கார அம்மாவோ.

மூன்றாம் சோதனை: விரல்ரேகை

கண்ணாடிக் குவளையில் கொக்கோத் தூளை மென்மையான தூரிகையால் தடவுங்கள். விரலின் வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் தூள் ஒட்டும். அதை ஒளிபுகும் ஒட்டுநாடாவால் எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். நால்வரின் விரல்களிலும் பென்சில் கரியைத் தேய்த்து, ஒட்டுநாடாவில் பதிந்து ஒப்பிடுங்கள். சுழி, கண்ணி, வில் என்ற மூன்று முக்கிய வடிவங்களில் கண்ணிதான் அதிகம் காணப்படும். தாயின் கருவிலேயே உருவாகும் இந்த ரேகைகள் ஒத்த இரட்டையருக்குக்கூட ஒன்றாக இருப்பதில்லை. நம் மைகார்டில் பெருவிரல் ரேகை பதிவாவதும் இதனால்தான். இது தனிச் சான்று.

முடிவு: ரேகை சமையல்கார அம்மாவுடையது!

"அம்மாதான் கொலைகாரி!" என்று இந்த இடத்தில் எல்லாரும் கத்துவார்கள். கத்தட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தேநீர் கொண்டுவந்து வைத்தவர் யார்?

ஜல்பாய்குரி சொன்ன பாடம்

உலகின் முதல் விரல்ரேகைப் பணியகம் 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை எட்வர்ட் ஹென்றியின் கீழ் உழைத்து உருவாக்கியவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். அந்தக் காலத்தில்தான் வங்காளத்தின் ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையுண்டார். அவருடைய பொருள்களுக்கிடையே இருந்த பஞ்சாங்கத்தில் இரத்தம் படிந்த பெருவிரல் ரேகை. அது, முன்பு திருட்டுக்குத் தண்டனை பெற்ற காங்காலி சரண் என்பவரின் ரேகையோடு பொருந்தியது. 1898-இல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை. கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை! ரேகை அவர் அங்கே வந்தார், அதைத் தொட்டார் என்று காட்டியது. கத்தியைப் பிடித்தவர் அவர்தான் என்று அது காட்டவில்லை.

முடிச்சு அவிழ்கிறது

நம் வழக்குக்கு வருவோம். சமையலறைச் சீனி டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள்: நுரைக்கிறது. நம் வீட்டுச் சுத்தமான சீனி நுரைக்காது. அது நமக்குக் கட்டுப்பாட்டு மாதிரி. சரி, டப்பாவில் சோடாவைக் கலந்தது யார்? கடையில் இன்னும் பிரிக்காத சீனிப் பொட்டலத்தையும் சோதியுங்கள். அதுவும் நுரைக்கிறது! ஆக, கலப்பு நடந்தது சமையலறையில் அல்ல, கடையில். மையும் பொடியும் பொட்டலமும் சேர்ந்து கடைக்காரரைச் சுட்டுகின்றன. குவளையை அவர் தொடவே இல்லை. கடிதம் எழுதியவரும் சோடா கலந்தவரும் ஒருவரே என்பது நம் ஊகம். அதையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆசிரியர் பணியில் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் குழுப் பணம் காணாமல் போனது. ஓய்வு நேரத்தில் வகுப்பறையில் தனியாக இருந்த ஒரு மாணவனை எல்லார் முன்னும் நிறுத்திக் கேள்வி கேட்டேன். மறுநாள் பணம் என் வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அன்று அவன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. "அங்கே இருந்தான்" என்பதை "அவன்தான் எடுத்தான்" என்று நான் படித்துவிட்டேன். சோதனைகளைவிட இந்த ஒரு வேறுபாட்டை நீங்கள் கற்றுக்கொண்டால் விருந்து வீண்போகவில்லை.

கவனத்தில் கொள்க

சோதனை மேசை வேறு, சாப்பாட்டு மேசை வேறு. அயோடினை வாயில் வைக்கக் கூடாது. துணியிலும் கறை படியும். சோதித்த எதையும் உண்ணாதீர்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். மைப் பட்டைகளை ரசம் பரிமாறும்போதே தொங்கவிட்டால் சோறு முடிவதற்குள் நிறம் பிரிந்திருக்கும். தீர்ப்பைப் பாயசத்தோடு சொல்லலாம்.

சிந்திக்க

1. நிறப்பிரிகையில் தொடக்கக் கோட்டைக் குறிக்க வேண்டுமானால் பேனாவால் குறிக்காமல் ஏன் பென்சிலால் குறிக்க வேண்டும்?
2. குவளையில் சமையல்கார அம்மாவின் ரேகை இல்லவே இல்லை என்றால், அது அவருக்குச் சாதகமா, பாதகமா?
3. பிரிக்காத பொட்டலம் நுரைக்காமல் இருந்திருந்தால் உங்கள் தீர்ப்பு என்ன?