கோவைக்குப் போகும் பாப்பாவுக்கு

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்குப் பெரியம்மா எழுதுவது.

கோவையில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் வேலை, தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உள்ளேயே, சம்பளம் அப்படியே மிச்சம் என்று அம்மா போனில் சொன்னாள். இதே வார்த்தைகளை அவள் வாயால் பெரியம்மா ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு உன் வயது. இங்கே உள்ளூர் ஆஸ்பத்திரியிலும் கூப்பிட்டிருக்கிறார்களாம், வீட்டிலிருந்து போய்வரும் தூரம்தான். இரண்டில் எது என்பது பாப்பாவின் இஷ்டம். பெரியம்மா தலையிடப் போவதில்லை. தெரிந்ததைச் சொல்லிவைக்கிறாள், அவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரி நோயாளி குணமானால் வீட்டுக்குப் போய்விடுவார், அவர் முகம்கூட நர்சுக்கு மறந்துபோகும். முதியோர் இல்லத்தில் அப்படி இல்லை. ஒரே பாட்டியை வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். எந்தக் காது கேட்காது, மாத்திரையை எந்தக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புவார், மகன் போன் பண்ணாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருப்பார் என்பதெல்லாம் பெற்ற பிள்ளையைவிட அங்கே வேலை பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். கோவைப் பக்கம் இந்தக் குடியிருப்புகள் பெருகியதற்குக் காரணம் இதமான தட்பவெப்பமும், நல்ல ஆஸ்பத்திரிகளும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும். குடியிருக்கிறவர்கள் தமிழ் பேசுவார்கள். ராத்திரி அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கிற பெண்ணோ ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்திருப்பாள். ‘வலிக்குதா’, ‘திரும்புங்க’, ‘அவ்ளோதான்’ என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டே அவள் ஒரு ராத்திரியை ஓட்டிவிடுவாள். அது சாதாரணத் திறமை இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும், குதிகாலும் வால் எலும்பும் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆள் குறைந்த ராத்திரியில் சார்ட்டில் மட்டும் கையெழுத்து சரியாக விழும், புரட்டுவது விடிகாலையில்தான் நடக்கும். பாப்பா அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடக் கூடாது.

அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குள் ஒட்டுதல் தானாக வரும். காலை ஹேண்டோவர் முடிந்ததும் பேன்ட்ரியில் நின்றுகொண்டே ஆறிப்போன இட்லியைப் பிய்த்துச் சாப்பிடுவார்கள். மாதச் சீட்டுப் போடுவார்கள், ஒரே சார்ஜரை நாலு பேர் மாற்றி மாற்றிச் செருகுவார்கள். ஒரு பெரியவர் இறந்துபோனால், படுக்கையை டெட்டால் போட்டுத் துடைத்து அடுத்தவருக்குத் தயார் செய்துவிட்டு, துணி அலமாரிக்குப் பின்னால் போய் ஐந்து நிமிஷம் அழுவதும் சேர்ந்துதான். நிர்வாகம் கேக் வெட்டிக் கொண்டாடுகிற நர்சுகள் தினத்தில் வருகிற ஒட்டுதல் இல்லை இது.

ஆனால் பெரியம்மா பார்ப்பது வேறு. டியூட்டி ரோஸ்டரை யார் எழுதுகிறார்கள்? நெதர்லாந்தில் யோஸ் டி பிளோக் என்ற நர்ஸ் 2006இல் புர்ட்சோர்க் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு போய் முதியவர்களைக் கவனிக்கிற நர்சுகள், ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது. யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு லீவு, புதிதாக யாரைச் சேர்ப்பது என்பதைக் குழுவே உட்கார்ந்து முடிவு பண்ணும், மேலே சூப்பர்வைசர் இல்லை. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தபோது, வேலை பார்க்கிறவர்களின் குழந்தைகளுக்கும் அங்கேயே இடம் வைத்தார். அவரும் நர்சாக இருந்து டாக்டரானவர். வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும். கோவையில் ரோஸ்டர் எங்கே ஒட்டியிருக்கிறது, மாதத்துக்கு ஒரு தரம் வருகிறதா, முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வருகிறதா என்று கேட்டுப் பார்.

இனி சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலை செய்கிற இடத்திலேயே படுக்காதே பாப்பா. டியூட்டி முடித்தவள் கூப்பிடு தூரத்தில் படுத்திருந்தால் அவளுக்கு டியூட்டி முடியவே முடியாது. ‘ரிலீவர் வரல, இன்னிக்கு மட்டும்’ என்பார்கள். உன் அம்மாவுக்கு அந்த ‘இன்னிக்கு மட்டும்’ எத்தனை முறை வந்தது என்று கேள், சிரித்து மழுப்புவாள். மகள் மாதிரி வைத்திருக்கிறோம் என்றுதான் அவள் வேலை பார்த்த இல்லத்தில் அவளிடமும் சொன்னார்கள். தாத்தா போன அன்று விடிகாலையில் தகவல் சொன்னோம். ரிலீவர் வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். மாதா கோயில் மணி அடித்து, அடக்கமும் முடிந்து, மறுநாள்தான் அவள் வந்து சேர்ந்தாள். அந்த இல்லத்திலிருந்து பெரிய மலர்வளையம் மட்டும் நேரத்துக்கு வந்தது. வளையத்தை ஏற்றிவந்த வேனில் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது.

விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்கள் பீரோவில். எழுதிக்கொடுத்த பாண்டு காலம் முடியட்டும் என்றார்கள். பிறகு நடந்ததுதான் நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமே, அந்தச் சர்டிபிகேட்டுக்காக உன் அப்பா நடந்த நடை. இது அவள் ஒருத்தி கதை இல்லை. 2011, 2012 ஆண்டுகளில் மும்பையிலும் கேரளத்திலும் சென்னையிலும் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளத்தோடு பாண்டையும் சர்டிபிகேட்டையும் சேர்த்தே கேட்டார்கள். நர்சுகளின் நிலையை ஆராயக் கேரள அரசு பலராமன் குழுவைப் போட்டதும் அந்த அலையில்தான். பாண்டு முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. சொல்லியும் கேட்கிற இடங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

சேவை என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டாமா பெரியம்மா என்று நீ கேட்பாய். சென்னை ஹாரிங்டன் சாலையில் முதியோர் இல்லம் நடத்துகிறார்களே ஏழைகளின் சிறிய சகோதரிகள், அந்தச் சபையைத் தொடங்கிய ழான் ஜுகன் கதையைக் கேள். 1839 குளிர்காலத்தில் பிரான்சின் செயின்ட் செர்வான் ஊரில் பார்வையில்லாத ஒரு கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் படுக்கையைக் கொடுத்துவிட்டு மச்சில் போய்ப் படுத்தவள். அடுத்த சில வருஷத்தில் சபை வளர்ந்தது. சகோதரிகள் அவளையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பொறுப்பில் இருந்த பாதிரியார் அதைச் செல்லாது என்றார். பிறகு அவளை மடத்துக்குள் ஒதுக்கிவிட்டு, சபையைத் தொடங்கியது தான்தான் என்று சொல்லிக்கொண்டார். 1879இல் அவள் இறந்தபோது, தங்கள் சபையைத் தொடங்கியது இந்தக் கிழவிதான் என்பது கூட இருந்த இளம் சகோதரிகள் பலருக்குத் தெரியாது. புனிதர் பட்டம் 2009இல் வந்தது. அவள் வார்த்தைப்பாடு கொடுத்த துறவி, தாங்கிக்கொண்டாள். பாப்பா மாதச் சம்பளத்துக்குப் போகிறவள்.

போயே தீருவேன் என்றால், போ. முதல் மாதமே இ.எஸ்.ஐ. கார்டையும் பி.எஃப். எண்ணையும் கேட்டு வாங்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இ.எஸ்.ஐ. உண்டு. உன் பங்கு 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25. இரண்டையும் உன்னிடமே பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் புகாருக்கான உள்குழு இருக்க வேண்டும், 2013 சட்டம். மறதி நோய் வந்த சில தாத்தாக்களின் கை தெரியாமல் நீளும், தெரிந்தே நீளுகிற கையும் உண்டு. யாரிடம் சொல்வது என்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தனியாக யாரையும் தூக்காதே. பெரியம்மாவின் இடுப்பைப் பார்த்திருக்கிறாயே. பஸ் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் லேடீஸ் ஹாஸ்டல்கள் இருக்கின்றனவாம், விசாரித்தாயிற்று. அட்வான்ஸ் பெரியம்மா பென்ஷனிலிருந்து.

இதையெல்லாம் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே கண்ணு. நம் வீட்டில் உன் கை மாதிரி மெத்தென்ற கை யாருக்கும் கிடையாது. ஆச்சி கடைசிக் காலத்தில் உன் கையால்தான் கஞ்சி குடித்தாள், வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குடியிருப்புக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நீ எங்கே இருந்தாலும் பெரியம்மாவுக்கு நீதான் ராசாத்தி. பார்சலில் பருப்புப்பொடி, சின்ன டார்ச், நைட் டியூட்டிக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், மக்ரூன் இரண்டு கிலோ. மக்ரூனை அந்த ஒடிசாப் பிள்ளைகளுக்கும் கொடு. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு லீவு வேண்டும் என்று சேருகிற அன்றைக்கே சொல்லிவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
பெரியம்மா.

பி.கு.: ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் உன் அம்மாவிடமிருந்து வாங்கிப் பெரியம்மா பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடு. பத்து செட் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.