சத்தம் போடும் ஷூ: புதுசு வாங்கும் முன் இதைப் படிங்க



போன மாதம் திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி முடித்து, உள்கடன் கேட்பவர்கள் பெயரை எழுதும் நேரம். ஒரு அக்கா 2,000 ரூபாய் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதும் கொஞ்சம் தயங்கி, "பையனுக்கு ஷூ வாங்கோணுங்க" என்றார்.

மகன் பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம். ஆள் எடுக்கக் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வருகிறார்கள். நாலு மாதத்துக்கு முன் வாங்கின கறுப்புத் தோல் ஷூ, நடக்க நடக்கக் கீச்சு கீச்சென்று கத்துகிறது. முதல் இன்டர்வியூவில் அறைக்குள் போனபோது உள்ளே இருந்தவர்கள் இவன் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம். "அத இனிப் போடவே மாட்டேங்கறானுங்க." தறி ஓட்டி வரும் கூலியில் 2,000 ரூபாய் எத்தனை நாள் உழைப்பு என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் அப்போது வாய் திறந்தார். குழு ஆரம்பித்த நாள் முதல் உறுப்பினர். பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் போகிறவர். "அந்த ஷூவக் கொண்டாரச் சொல்லு கண்ணு, பாக்கலாம்" என்றார். பையனே போட்டுக்கொண்டு வந்தான். நாலு எட்டு நடக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். "அடி ஒண்ணும் போகல. உள்ளட்டைதான் தேயுது. பவுடர் இருக்குதா?"

அவருடைய வீட்டுக்காரர் நாற்பது வருஷம் செருப்புத் தைத்தவர். பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு போட்டுக் கொடுத்தவர் இந்த அம்மா. இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்தில்கூட இதை அவர் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததும், நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்த மாதப் பாடம்.

சத்தம் எதனால் வருகிறது?

ஷூ பார்க்க ஒரே துண்டு மாதிரி இருக்கும். உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது. மேல் தோல், அதன் உட்புறம் லைனிங், பாதத்துக்கு அடியில் மெத்தென்ற உள்ளட்டை, அதற்கும் கீழே கெட்டி அட்டை, நடுப்பாதத்தில் தாங்கலுக்கு ஒரு மெல்லிய பட்டி, அப்புறம் சோல், ஹீல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகள் நிறைய. அங்கே மேல் தோலைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள்தான். தோலை வீட்டுக்கே எடுத்து வந்து கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களும் உண்டு. தைத்த மேல் தோலைத் தனியாகச் செய்த சோலோடு பசை போட்டு ஒட்டுகிறார்கள். கடைவீதியில் நாம் வாங்கும் ஷூக்களில் அநேகம் இப்படி ஒட்டினவைதான்.

அடுக்குகள் இறுக்கமாக இருக்கும்வரை சத்தம் இல்லை. எங்காவது ஒன்று தளர்ந்து, பக்கத்து அடுக்கோடு உரசினால் கீச்சு சத்தம் வருகிறது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் செருப்பில் சத்தம் வர வேண்டும் என்றே செய்கிற வகையும் இருக்கிறது. போட்டு நடந்தால் ஆள் வருவது தூரத்திலேயே தெரியும், அது அங்கே ஒரு மதிப்பு. அந்தச் செருப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்ம பையன் இன்டர்வியூ அறையில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாதே!

முதலில் இடத்தைக் கண்டுபிடிங்க

தறி ஓட்டுகிறவர்களுக்கு இது சுலபம். நாடா அடிக்கிற சத்தம் கொஞ்சம் மாறினாலே எங்கே கோளாறு என்று நம் காது சொல்லிவிடும். அதே காதுதான் இங்கேயும் வேண்டும். தறி ஓடாத நேரமாகப் பார்த்து, ஒருவர் போட்டு நடக்கணும், இன்னொருவர் தரையில் உட்கார்ந்து கேட்கணும். எந்தக் கால், குதி தரையில் படும்போதா, பாதம் மடங்கும்போதா, காலை எடுக்கும்போதா என்று பார்க்கணும்.

முதலில் டைல்ஸ் தரையில் நடக்கச் சொல்லுங்க, பிறகு வாசல் மண்ணில். மண்ணில் சத்தம் நின்றுவிட்டால் ஷூவுக்குள் கோளாறு இல்லை. புது ரப்பர் சோல் வழுவழுத் தரையில் உரசுகிற சத்தம் அது. உப்புத்தாளால் சோலின் அடிப்பக்கத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் போதும்.

மண்ணிலும் சத்தம் வந்தால் உள்ளட்டையை வெளியே எடுத்துவிட்டு நடந்து பாருங்க. சத்தம் நின்றால் ஆளைப் பிடித்தாயிற்று. ஒட்டியிருக்கும் உள்ளட்டையாக இருந்தால் பிய்க்க வேண்டாம், தூக்குகிற ஓரத்தை மட்டும் தூக்கி அதன் அடியில் பவுடர் போட்டுப் பார்க்கலாம். அடுத்து, லேஸை அவிழ்த்து நாக்கை மட்டும் கையால் அசைத்துப் பாருங்க. நாக்கின் ஓரம் மேல் தோலில் உரசுவதும் அடிக்கடி நடப்பது. அதுவும் இல்லையென்றால் ஒரு கையில் குதியையும் மறு கையில் முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்க. சோல் ஓரத்தில் இடைவெளி வாய் திறக்கிறதா, ஹீல் ஆடுகிறதா என்று தெரியும். எல்லாம் சரியாக இருந்தும் நடுப்பாதத்தில் 'டக் டக்' என்று கேட்டால், உள்ளே இருக்கும் பட்டி தளர்ந்திருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது

உள்ளட்டை உரசினால் மருந்து பவுடர்தான். முகத்துக்குப் போடுகிறதே போதும். இரண்டு சிட்டிகையை உள்ளட்டைக்கு அடியில் தூவி, விரலால் ஓரமெல்லாம் பரப்பி, அட்டையைத் திரும்ப வைத்து அழுத்துங்க. கொட்டி நிரப்ப வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து களிம்பாகிவிடும். தூள் பறக்கும், குழந்தைகளைத் தள்ளி வைத்துச் செய்யுங்க. கொஞ்ச நாளில் சத்தம் திரும்ப வந்தால் மறுபடி தூவணும்.

நாக்கு உரசினால் ஷூ க்ரீமைத் துணியில் தொட்டு நாக்கின் இரண்டு ஓரத்திலும் தேய்க்கணும். நிஜத் தோல் என்றால் விளக்கெண்ணெய் ஒரு சொட்டும் போதும், நம் பெரியவர்கள் புதுச் செருப்பு கடிக்காமல் இருக்கப் போட்டது அதைத்தான். ரெக்சினுக்கு எண்ணெய் வேண்டாம், உள்ளே இறங்காது, பிசுபிசுப்புதான் மிச்சம். சோல் ஒட்டுகிற ஓரத்தில் எந்த எண்ணெயும் படக்கூடாது, பசை விட்டுவிடும்.

மழையில் நனைந்த ஷூவும் கத்தும். உள்ளட்டையைக் கழற்றி, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வையுங்க. தாள் ஈரமானால் மாற்றுங்க. சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும். ஐப்பசி மழையில் பள்ளிக்கூட ஷூவை இப்படி அடுப்போரம் வைத்துக் கெடுத்த வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். (எங்கள் வீடும் அதில் ஒன்று.)

சோல் வாய் திறந்திருந்தால் நொடியில் ஒட்டுகிற பசையை வாங்கிப் பிதுக்காதீங்க. அது கல் மாதிரி இறுகும், நடக்கையில் மடங்கும் இடத்தில் விரிந்துவிடும், பிறகு தைப்பவராலும் சரியாக ஒட்ட முடியாது. வீட்டு ஆணி அடிப்பதும் அப்படித்தான், பாதத்தில் ஏறும். இந்த வேலை, ஹீல் ஆட்டம், உள் பட்டி மூன்றும் தொழில் தெரிந்தவரிடமே போக வேண்டும். அவர் பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பக்கமும் புதுப் பசை தடவி, சற்றுக் காயவிட்டுப் பிறகுதான் அழுத்துவார். தேவைப்பட்டால் சுற்றிலும் தையல் போடுவார். அவசரப்படுத்தினால் ஒட்டு நிற்காது.

கொண்டு போகும்போது 'ஷூ ரிப்பேர்' என்று மட்டும் சொல்லாமல், "வலது கால், குதி படும்போது சத்தம் வருதுங்கண்ணா" என்று சொல்லுங்க. பாதி வேலை முடிந்த மாதிரி. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. துணிக்கடைக்காரரை 'வாங்க, போங்க' என்கிறோம், இவரிடம் மட்டும் எதற்கு வேறு பேச்சு? கேட்ட கூலியில் பத்து ரூபாய் குறைப்பதையும் விடுங்க.

சரி செய்ய முடியாத ஷூவும் உண்டு. சிலவகை சோல்கள், முக்கியமாக எடை குறைவான பி.யு. சோல், விசேஷத்துக்கென்று வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்தால் காற்றின் ஈரத்திலேயே இற்றுப்போகும். நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தால் அதற்குச் செலவு செய்யாதீங்க. புதுசு வாங்கும்போது இரண்டு காலிலும் போட்டுக் கடைக்குள்ளேயே நடந்து பார்த்து, பில் கேட்டு வாங்குங்க. வாங்கின சில நாளிலேயே சத்தம் வந்தால் பில்லோடு அதே கடைக்குப் போய்க் கேட்கலாம்.

அந்த அக்கா கடன் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பையன் அடுத்த இன்டர்வியூவுக்கு அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போனான். வேலை இன்னும் அமையவில்லை, இன்னும் இரண்டு கம்பெனிகள் வர இருக்கின்றன.

இந்த மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வீட்டிலிருந்து ஒன்பது ஜோடி கொண்டு வந்தார்கள். ஐந்து ஜோடி பவுடரிலும் க்ரீமிலும் அங்கேயே சரியாயின. மூன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் தைக்கும் அண்ணனிடம் போயின. ஒன்று உதிர்ந்துபோன சோல், அதை அந்த அம்மா கையில் வாங்கிப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டார். கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் அன்றைக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று அவருடைய பெயரைத்தான் ஊக்குநர் எழுதினார்.