1000 ரூபாய்க்குப் பின்னால் ஒரு பெயர்

அரசுப் பள்ளியில் படித்து வந்த நம்ம வகுப்புத் தோழிகளுக்கு மாசாமாசம் வங்கியிலிருந்து ஒரு மெசேஜ் வரும்: 1000 ரூபாய் வரவு. புதுமைப்பெண் திட்டம்னு எல்லாருக்கும் தெரியும். அதன் முழுப்பெயரில் வரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார்னு கேட்டால் உதட்டைப் பிதுக்குவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அவர் (1883–1962) தேவதாசி மரபில் வந்தவர். அதிலிருந்து வெளியேறி, அந்த முறையையே ஒழிக்கணும்னு மேடை மேடையாகப் பேசினார். 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலும் எழுதினார்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியே ஆகணும். ஹாஸ்டலில் கேமில் தோத்தாலும், அரியர் விழுந்தாலும் சட்டுன்னு வாயில் வருமே, அந்தக் கெட்ட வார்த்தை. அதன் மூலம் 'தேவரடியார்', அதாவது இறைவனின் அடியார். இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காக 400 ஆடல் மகளிரைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் இந்த மரபுப் பெண்கள் பணக்காரர்களின் தயவில் வாழும் நிலை வந்தது. வார்த்தையும் கூடவே சரிந்தது. அவர்களைத் தேடிப் போன ஆண்களுக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? 'மைனர்'. அந்தப் பெயரில் ஒரு செயினே ஃபேஷன் ஆச்சு!

சரி, வெளியே வந்தால் கறை போயிடுமா? 1930 வாக்கில் தேவதாசிக் குடும்பச் சிறுமிகள் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் அடைக்கலம் தேடி வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. அவருடைய அம்மாவும் அதே மரபில் பிறந்தவர்தான். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வசவு மட்டும் தங்கிவிட்டது.

இன்றைய பாலியல் தொழிலின் கதை வேறு. ஆனால் விலகி வருபவர் மாட்டிக்கொள்ளும் இடம் அதேதான். வேலையோ வாடகை வீடோ, முதலில் கேட்பது அடையாளச் சான்று. அதை வாங்க முகவரிச் சான்று வேணும். அதற்கு யார் கையெழுத்துப் போடுவார்? 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், முகவரிச் சான்று இல்லாத பாலியல் தொழிலாளர்களுக்கும் ஆதார் கிடைக்க வழிசெய்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது: இவர் இன்ன தொழில் செய்தவர்னு காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியீடும் ஆதார் பதிவு எண்ணில் இருக்கக் கூடாது.